மகளுக்கு மரம் ஏறும் உத்தியோகம்

1

போன ஞாயிற்றுக்கிழமை மைனி போன் செய்தாள். மைனி என்றால் என் அண்ணன் மனைவி. புதுக்கடையில் பாத்திரக்கடை வைத்திருப்பவள். அவள் சும்மா கூப்பிடமாட்டாள். கூப்பிட்டால் ஏதோ கையில் கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

"ஏட்டி ராசம்மா, ஒம் மவ அங்க மரத்துல ஏறுகாளாமே, உள்ளதா?"

"ஆரு சொன்னா?"

"ஆரும் சொல்லாண்டாம். கடைக்கு வந்த பிள்ளை ஒண்ணு போன்ல காட்டிச்சு. தலையில தொப்பி, இடுப்புல கயிறு. ஒரு கரடிக்குட்டியப் பாத்துக் கொடிய ஆட்டிக்கிட்டு நிக்கா. இது நம்ம சுபாவா, இல்ல செத்துப்போன ஒம் வீட்டுக்காரரு திரும்பிப் பொறந்து வந்தாரான்னு எனக்கு ஒரு நிமிசம் மயக்கம் வந்துட்டு, கேட்டியா."

"அவ ஆபீசராக்கும் மைனி. கவுர்மென்டு ஆபீசரு."

"ஆபீசருக்கு உக்கார நாற்காலி இல்லியாட்டி அந்த ஊருல?"

சிரிப்புக் கேட்டது. அவள் சிரிப்பு மட்டும் இல்லை, கடையில் நின்றவர்களின் சிரிப்பும் கேட்டது. ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் பேசியிருக்கிறாள். நான் போனை வைத்துவிட்டேன்.

நம் ஊர்ப் படிப்பகத்துப் பிள்ளைகள் ஆண்டு மலருக்கு வெளிநாட்டு வாழ்க்கை பற்றி ஏதாவது எழுதித் தரும்படி ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். என்னத்தை எழுத என்று விட்டிருந்தேன். இப்போது எழுதுகிறேன். நான் மூன்றாம் வகுப்பு வரைதான் போனவள், எழுத்துக்கூட்டி எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திப் போடுங்கள். சொன்ன விஷயத்தைத் திருத்த வேண்டாம். பாத்திரக்கடையில் நின்று சிரித்தவர்களும் இதைப் படிக்கட்டும்.

2

நான் இருப்பது ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் பட்டணத்துக்கு வெளியே. மருமகனுக்குத் தூரத்தில் சுரங்கத்தில் வேலை. போனால் வர வாரக்கணக்காகும். பேத்தி மீரா படிக்கிற இடத்திலேயே தங்கியிருக்கிறாள். வீட்டுக்கு வந்தால் நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்லுவாள். "தின்னியா மக்கா?" என்றால் "ஐ ஆம் குட்" என்பாள். நல்லவள்தான் என்று எனக்கும் தெரியும். நான் கேட்டது அதை இல்லை. ஆக, மிச்ச நாளெல்லாம் வீட்டில் நானும் சுபாவும்தான்.

சுபா ஊரில் மாட்டு டாக்டருக்குப் படித்தாள். இங்கே வந்து மேற்கொண்டு படித்தாள். வேலை கிடைத்துவிட்டது என்றபோது வெள்ளை கோட்டு, மேசை, மருந்து என்று நான் நினைத்துக்கொண்டேன். ஒரு வருஷம் கழித்து அவள் வண்டியின் பின்பக்கம் திறந்திருந்ததை எட்டிப் பார்த்தேன். கயிறு, கொக்கி, இடுப்பில் மாட்டுகிற வார், நூல் கட்டிய மணல் பை, அதை உச்சிக் கொம்புக்கு மேல் எறிய ஆள் உயரத்துக்கு ஒரு கவண்.

"இது என்னத்துக்குட்டி?"

"மரத்துல ஏற."

"ஆரு ஏற?"

"நான்தான்."

அன்றைக்கு நான் சோறு தின்னவில்லை.

அவள் வேலை இதுதான். இந்த நாட்டில் குட்டியை வயிற்றுப் பையில் சுமக்கிற மிருகங்கள் உண்டு. கங்காரு எல்லாருக்கும் தெரியும், அது தரையில் போகும். மரத்திலேயே குடியிருக்கிறவையும் இருக்கின்றன. கோவாலா அதில் ஒன்று. பார்க்கக் கரடிக்குட்டி போல இருக்கும், கரடி இல்லை. நம் மரநாய் அளவில் போசம் என்று ஒன்று. அப்புறம் கைக்கும் காலுக்கும் நடுவில் தோலை விரித்து மரத்துக்கு மரம் சறுக்கிப் போகிற ஒன்று. சுபா கயிறு போட்டு ஏறி, பொந்துக்குள் சின்னக் கேமராவை விட்டு, உள்ளே எத்தனை இருக்கிறது, குட்டி இருக்கிறதா, தீனி கிடைக்கிறதா என்று பார்த்துக் கணக்கு எடுப்பாள். நோய் பிடித்தது, காட்டுத்தீயில் வெந்தது இருந்தால் இறக்கிக்கொண்டு வருவாள்.

எனக்கு ஏன் இவ்வளவு வெப்ராளம், பதற்றம் என்று இளம்பிள்ளைகளுக்குத் தெரியாது. என் அப்பா பனை ஏறினார். வீட்டுக்காரர் தங்கராசும் பனை ஏறினார். சுபா பள்ளிக்கூடம் போன முதல் வருஷம் கூடப் படித்த பிள்ளைகள் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை, 'பனையேறி' என்றுதான் கூப்பிட்டார்கள். நான் அண்டியாபீசுக்கு வேலைக்குப் போனேன். முந்திரிக்கொட்டையை உடைத்து உடைத்து, அந்தப் பால் பட்டு என் விரல் எல்லாம் கருத்து வெந்துபோனது. என் வயிற்றில் பிறந்தது மரத்தில் கால் வைக்கக்கூடாது என்ற ஒரு வைராக்கியம்தான். ஒரு கொல்லாமரத்தில், முந்திரி மரம்தான், விளையாட்டுக்கு ஏறினாள் என்று அவளைக் கம்பெடுத்து அடித்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். ஆள் மரத்தின் மேல் இருக்கும்போது கீழே இருந்து யாரும் அவரோடு பேசக்கூடாது. பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. கடன் கேட்டு வந்தவன் ஆனாலும் கல்யாணத்துக்குக் கூப்பிட வந்தவன் ஆனாலும் விளையில், மரத்தடியில் உட்கார்ந்திருப்பான். கால் மண்ணில் பட்ட பிறகுதான் வாய் திறப்பான். ஒரு நாள் வெளியூர்க்காரன் ஒருத்தன், வழக்கம் தெரியாதவன், கீழே நின்று களியக்காவிளைக்கு பஸ் எப்போது என்று கேட்டான். என் வீட்டுக்காரர் மரியாதைக்குத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் அவர் சாகும்வரை இடது காலை இழுத்துத்தான் நடந்தார்.

3

எங்கள் வீட்டு வேலிக்குப் பின்னால் ஒரு பெரிய யூக்காலி மரம். பாதி பட்டுப்போனது. அதன் கவட்டையில் ஒரு கோவாலா உட்கார்ந்திருப்பதை முதலில் பார்த்தது நான்தான். நல்ல கோவாலாவுக்குப் பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். இதற்கு அழுக்குப் பிடித்து நனைந்து கிடந்தது. ஒரு கண் சிவந்து, பீளை வழிந்து மூடிக்கொண்டிருந்தது. அது தலையைத் திருப்பித் திருப்பி ஒற்றைக் கண்ணால்தான் இலை தேடியது.

சுபா வேலைக்குப் போயிருந்தாள். மிருகங்களுக்கென்று ஒரு போன் நம்பர் குளிர்பெட்டியில் ஒட்டியிருக்கிறது. நானே கூப்பிட்டேன். ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு என்று ஒரு மெஷின் ரொம்ப நேரம் பேசியது. கடைசியில் ஒரு பெண் வந்தாள். "சிக் பியர், மை பேக்சைடு" என்றேன். நம் ஊரில் வீட்டுக்குப் பின்னால் என்பதற்கு எல்லாரும் அப்படித்தான் சொல்லுவோம். இங்கே அதற்குக் குண்டி என்றுதான் அர்த்தமாம். உனக்கு டாக்டர் வேண்டுமா என்று அவள் கேட்டாள். சுபா வந்து விஷயத்தைக் கேட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். எனக்கு அதுவும் ஒரு கோபம்.

கண் சீழ் பிடித்த உயிரை இறக்கி மருந்து விட இந்த நாட்டில் எத்தனை பேரைக் கேட்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? மரம் நின்ற நிலம் நகராட்சியுடையது. பாதிக் கொம்பு பக்கத்து வீட்டுக்காரருடையது. பட்ட மரத்தில் ஏறலாமா என்று மரத்துக்கென்று இருக்கிற ஒரு நிபுணர் வந்து தட்டிப் பார்க்க வேண்டும். அவர் லீவில். லீவு முடிந்து வந்தவர் இந்தப் பக்கம் ஏறலாம், அந்தப் பக்கம் கூடாது என்று தாளில் படம் வரைந்து கொடுத்தார். அதற்குள் மரத்தைச் சுற்றித் தகரவேலி வைத்து, அது இறங்கி வந்தால் நுழையும்படி ஒரு கூண்டும் வைத்தார்கள். நோய் முற்றியது எங்கே இறங்கும்? அது கவட்டையிலேயே கிடந்து சுருண்டது. இனி நாள் போனால் அந்தக் கண் போய்விடும், அடுத்ததும் போகும் என்றாள் சுபா.

ஏறுகிற நாள் வந்தது. கீழே நிற்கிற ஆள் டேவ். சுபாவோடு வேலை செய்கிற வெள்ளைக்காரர். வயசானவர், என் கையால் புட்டும் பயறும் தின்று பழகியவர். சுபா ஏறினாள். அதுவரை அவள் ஏறி நான் பார்த்ததில்லை, பார்க்கவும் மாட்டேன் என்றிருந்தேன். அடுக்களை ஜன்னல் அந்தப் பக்கம் இருக்கிறது, நான் என்ன செய்ய? கோவாலாவுக்கு மேலே போய், நீளக் கம்பில் கட்டிய சிவப்புத் துணியை அதன் தலைக்கு மேல் ஆட்ட வேண்டும். அது பயந்து பின்பக்கமாகவே இறங்கும். கீழே ஆள் பையோடு நின்று பிடிப்பார். அதுதான் முறையாம்.

அவள் கவட்டைக்கு மேலே போய்விட்டாள். இலைக்குள் ஆள் தெரியவில்லை. டேவ் கையில் வயர்லெஸை வைத்துக்கொண்டு பேசுகிறார், பேசுகிறார், ஓயவே இல்லை. "ஆல் குட்?" என்கிறார். மேலே இருந்து பதில் வருகிறது. மறுபடியும் கேட்கிறார். ஒவ்வொரு தடவையும் அவள் தலையைத் திருப்புகிறாள் என்று எனக்குத் தோன்றியது. அய்யா, நீர்தான் காவல் என்று சாமியை வேண்டிக்கொண்டு வேலிக்கதவைத் திறந்து போனேன். மஞ்சள் நாடா கட்டியிருந்தார்கள். குனிந்து உள்ளே போனேன். டேவின் கையிலிருந்த வயர்லெஸைப் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டு, வாயில் விரல் வைத்துக் காட்டினேன். அவர் வாய் திறந்தார். நான் கையால் அவர் வாயைப் பொத்தினேன். வேறு யாராவது என்றால் தள்ளியிருப்பார்கள். அவர், வயசான பொம்பளையாச்சே என்று தயங்கி நின்றுவிட்டார்.

மேலே இருந்து சுபா கூப்பிட்டாள். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டாள். மடிக்குள் அவள் குரல் கரகரத்தது. நான் விடவில்லை.

அப்புறம் கம்பும் சிவப்புத் துணியுமாக ஒரே சத்தத்தோடு கீழே விழுந்தது. பின்னாலேயே கயிறு உரச அவள் வழுக்கிக்கொண்டு வந்தாள். உள்ளங்கை தோல் போயிருந்தது. கோவாலா அந்த அமளியில் உச்சிக்கே ஏறிவிட்டது.

"டேவ் எங்க? டேவுக்கு என்ன ஆச்சு?" என்று கத்திக்கொண்டு வந்தவள், நாங்கள் இரண்டு பேரும் நிற்கிற கோலத்தைப் பார்த்தாள்.

"அம்மா, நீ என்ன செய்தே?"

"பேசாண்டாம்னு சொன்னேன். மரத்துல ஆளு நிக்கும்போ இப்பிடியா கிடந்து சலம்புகது?"

"கீழ இருந்து சத்தம் வரலைன்னா கீழ உள்ள ஆளு விழுந்துட்டார்னு அர்த்தம்மா! எல்லாத்தையும் போட்டுட்டு எறங்கி ஓடி வரணும். அதாக்கும் சட்டம். எனக்கு உயிரே போயிட்டு!"

"எனக்கு மட்டும் உயிரு இருந்துதா?"

டேவ் கையை நீட்டினார். மடியிலிருந்து வயர்லெஸை அவிழ்த்துக் கொடுத்தேன். "தேங்க் யூ, ராஜ்" என்றார். என் பேர் அவருக்கு அவ்வளவுதான் வரும்.

4

இங்கே எதையும் மூடி வைக்க வழி இல்லை. நடந்ததை டேவ் மேலிடத்துக்குச் சொல்லியே ஆகவேண்டுமாம், சொன்னார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. மறுநாள் சுபாவுக்கு உத்தரவு வந்தது. விசாரணை முடியும்வரை மரத்தில் ஏறக்கூடாது. ஏறும் உரிமத்தையே எடுத்துவிடலாம் என்றும் பேச்சு. ஏற வேறு ஆள் வேண்டுமென்றால் தூரத்துக் காட்டிலிருந்து வரவேண்டும், அவர்களுக்கு அங்கே வேலை தீரவில்லை.

ஆக, நான் இத்தனை வருஷம் வேண்டியது நடந்துவிட்டது. என் மகள் தரையில் இருக்கிறாள்.

முதல் நாள் எனக்குச் சந்தோஷம்தான். உளுந்தங்கஞ்சி காய்ச்சினேன், துவையல் அரைத்தேன். "இனியாவது ஒரு கிளினிக்குப் பாரு மக்கா, நாயும் பூனையும் இந்த ஊருல கொறவா?" என்றேன். அவள் கைக்கட்டோடு பின்வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டு, தூரக்கண்ணாடியில் உச்சிக்கொம்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கஞ்சி ஆடை கட்டிப்போனது.

"பாத்துக்கிட்டே இருந்தா எறங்கி வருமா?"

"இன்னைக்கு இலை திங்கலைம்மா அது."

"ஒண்ணு திங்கலைன்னா காட்டுல வேற இல்லியா?"

அவள் தூரக்கண்ணாடியை என் கையில் தந்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் ஆத்திரத்தில்தான் அதைக் கண்ணில் வைத்தேன். கவட்டை தெரிந்தது, இலை தெரிந்தது, அப்புறம் அது. இரண்டாவது கண்ணும் பீளை கட்ட ஆரம்பித்திருந்தது. காற்றில் கொம்பு ஆடும்போதெல்லாம் ஒரு கையை நீட்டி, எதையாவது பிடிக்கலாமா என்று துழாவியது. அதன் வயிற்றுப் பக்கம் என்னமோ அசைந்த மாதிரி இருந்தது. பைக்குள் குட்டி.

நான் சுபாவிடம் அதைச் சொல்லவில்லை. அவளுக்கு அது முன்னமே தெரிந்திருக்கிறது.

மரத்தில் ஏறக்கூடாது என்று நான் சொன்னபோது அதில் ஒரு நியாயம் இருந்தது. ஒரு பயம் இருந்தது, ஒரு மானம் இருந்தது. அதையே அவர்கள் தாளில் அடித்து அனுப்பியபோது எனக்குப் பொறுக்கவில்லை. என் மகளைத் தடுக்க நீங்கள் யார் என்று வந்தது. இதை எப்படிச் சொன்னால் விளங்குமோ தெரியவில்லை. இரண்டும் ஒரே நெஞ்சில்தான் கிடந்து மல்லுக்கட்டின.

5

விசாரணைக்கு ஒரு அதிகாரி அம்மாள் வீட்டுக்கு வந்தாள். சின்ன வயசு, நல்ல மரியாதை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வந்தாள். மொழிபெயர்க்கிற ஆள் போனில் இருந்தார், யாழ்ப்பாணத்துத் தமிழர்.

அதற்கு முன்னால் சுபா எனக்குப் பாடம் சொல்லித் தந்தாள். "அம்மா, நீ ஒண்ணும் நீட்டிச் சொல்லாண்டாம். தெரியாம செய்துட்டேன், மன்னிக்கணும். இம்புட்டுதான். கேட்டியா?"

"தெரியாம செய்தேன்னு நான் சொல்லமாட்டேன்."

"அம்மா, எனக்காக்கும்."

"ஒனக்கானாலும்."

அதிகாரி அம்மாள் கேட்டாள், போன்காரர் தமிழில் சொன்னார். "அம்மா, அண்டைக்கு என்ன நடந்ததெண்டு ஆறுதலாச் சொல்லுங்கோ."

"நான் ஆறுதலாத்தான் இருக்கேன். ஆரும் சாகலியே."

"இல்லையம்மா, அவசரப்படாமல் கதையுங்கோ எண்டுதான் சொன்னனான்."

சரி என்று கதைத்தேன். எங்கள் வீட்டு வழக்கத்தைச் சொன்னேன். பஸ் கேட்டவனைச் சொன்னேன். வீட்டுக்காரர் காலைச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றாக இங்கிலீஷில் சொல்ல, அவள் எழுதிக்கொண்டே வந்தாள். சுபா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா ஏன் விழுந்தார் என்று அவளுக்கே நான் அதுவரை சொன்னதில்லை. கால் வழுக்கியது என்றுதான் சொல்லியிருந்தேன்.

"அப்ப நீங்கள் தெரியாமல்தான் செய்தனீங்கள், அப்பிடித்தானே?" என்று கேட்டார் போன்காரர். அவருக்கும் என்னைக் காப்பாற்ற ஆசை.

"தெரிஞ்சுதான் செய்தேன். நாடா கட்டியிருந்ததைப் பாத்துட்டுத்தான் குனிஞ்சு போனேன். குத்தம் என் பேருல எழுதணும். எம் மவ என்ன செய்தா? கீழ சத்தம் இல்லைன்னா எல்லாத்தையும் போட்டுட்டு எறங்கணும்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க? உள்ளங்கை தோலு போக எறங்கினாளே. ஒங்க சட்டத்த அவ காப்பாத்தினா. பெறகு எதுக்கு அவளுக்குத் தண்டனை?"

அதிகாரி அம்மாள் எழுதுவதை நிறுத்தினாள். எதையோ கேட்டாள். போன்காரர் கொஞ்சம் தயங்கிச் சொன்னார்.

"மகள் மரத்தில ஏறுறது உங்களுக்கு விருப்பமோ எண்டு கேக்கிறா."

சுபா நிமிர்ந்து பார்த்தாள்.

"விருப்பம் இல்லை," என்றேன். "இன்னைக்கும் இல்லை, சாகும்வரை வராது. அப்பிடியே சொல்லுங்க. ஆனா அவ ஏறட்டும். மேல ரெண்டு உயிரு கிடக்கு. ஏற விடுங்க."

போன்காரர் அதைச் சொல்லி முடிக்க ரொம்ப நேரம் எடுத்த மாதிரி இருந்தது எனக்கு.

6

ஏறலாம் என்று உத்தரவு வந்தது, ஒரு நிபந்தனையோடு. வேலை நடக்கிற இடத்தில் வீட்டு ஆட்கள் யாரும் இருக்கக்கூடாது, அடுக்களையிலும் கூடாது. என் வீட்டு அடுக்களையில் நான் நிற்கக்கூடாது என்று என் மகளின் ஆபீஸ் சட்டம் போடுகிறது. எரிச்சலாக இருக்காதா?

சுபாவின் வேலை வண்டியைத் தெருமுனையில் நிறுத்தி அதில் என்னை உட்காரவைத்தார்கள். அங்கிருந்து வீட்டுக்கூரை தெரியும், கூரைக்கு மேல் மரத்தின் உச்சி தெரியும். ஆள் தெரியாது. வண்டியின் ஜன்னல் கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டேன். டேவின் சத்தம் வந்தது. "ஆல் குட்?" இலைக்குள்ளிருந்து அவள் பதில் வந்தது. மறுபடி கேட்டார், மறுபடி வந்தது. பிறகு உச்சிக்குக் கொஞ்சம் கீழே சிவப்புத் துணி ஆடியது. மைனி போனில் பார்த்துச் சிரித்த அதே துணிதான். அது ஆடி ஆடி, கொஞ்சம் கொஞ்சமாகக் கூரைக்குப் பின்னால் இறங்கியது. அப்புறம் துணியும் இல்லை, சத்தமும் இல்லை. நான் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்துவிட்டேன். நிபந்தனை ஞாபகம் வந்தது. உள்ளே இழுத்துக்கொண்டேன். இது ஒரு பிழைப்பா?

ரொம்ப நேரம் கழித்து அவர்கள் இரண்டு பேரும் ஒரு கூண்டைத் தூக்கிக்கொண்டு தெருவில் வந்தார்கள். மேலே போர்வை மூடியிருந்தது. பின்பக்கம் ஏற்றினார்கள். வண்டி முழுக்க யூக்காலித் தைலமும் மூத்திரமும் கலந்த மணம். சுபா வந்து உட்கார்ந்தாள். முகமெல்லாம் மரத்தூள், கன்னத்தில் ஒரு கீறல்.

"குட்டி?" என்று கேட்டேன்.

"இருக்கும்மா. உயிரோட இருக்கு. ஒரு கண்ணு போனாலும் மத்தது தப்பும்."

"செரி. கொஞ்சம் தள்ளி இரி. நாறுது."

அவள் சிரித்தாள். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். அழுதாளோ என்னமோ, நான் பார்க்கவில்லை.

"இனி இத என்ன செய்வீங்க?"

"ஆஸ்பத்திரியில வச்சு மருந்து குடுப்போம். சொகமானா திரும்பிக் கொண்டு விடுவோம்."

"எங்க? காட்டுலயா?"

"இங்கதான். இந்த மரத்துப் பக்கமே. எடுத்த எடத்துலதான் கொண்டு விடணும்மா, அதாக்கும் சட்டம். வேற எடத்துல விட்டா பொழைக்காது, மரம் தெரியாம அலைஞ்சு செத்துப்போவும்."

இவ்வளவு பாடுபட்டு இறக்கி, மறுபடியும் அதே பட்ட மரத்தில். அப்புறம் கண்நோய் வந்தால் மறுபடியும் இவள் ஏறுவாள், நான் மறுபடியும் வண்டியில் உட்காருவேன்.

"ஏன்ட்டி," என்றேன், "எடுத்த எடத்துலதான் விடணும்ங்குற அந்தச் சட்டம் மிருகத்துக்கு மட்டும்தானா?"

சுபா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கட்டுப் போட்ட கையால் சாவியைத் திருப்பினாள். பின்னால் போர்வைக்குள் அது ஒரு தடவை உறுமியது. மெல்லப் போ என்று நான் சொன்னேன், அவள் மெல்லத்தான் ஓட்டினாள்.